இரண்டாவது தாள்

என் மருமகன் கோலாலம்பூரில் தொழில் செய்கிறார். போன தீபாவளிக்கு வந்தவர் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் எடுத்தார். அவருடைய அலுவலகத்தில் இப்போது ஆளே கிடையாதாம். கடிதம் எழுதுவது, சந்திப்புக்கு நாள் குறிப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது எல்லாம் ஈப்போவில் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பொறுப்பு. கணினி வழியே வேலை போகும், கணினி வழியே வரும். "மேசை வேணாம், நாற்காலி வேணாம், டீ வாங்கித் தர வேணாம். முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல மாமா" என்றார் பெருமையாக.

நான் மோர்க்குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே பட்டியலை இதே பெருமையோடு மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முன்பே மலாக்காவில் ஒப்பித்தவன் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கும் ஒருவர் இருந்தார். கணினி இல்லை, ரொட்டிக்காரரின் சைக்கிள் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. சிங்கப்பூர்க் கம்பெனியைச் "சிங்கப்பூர்" என்பது போல, அவரைக் "காஜா பெராங்" என்போம். "இதைக் காஜா பெராங்குக்கு அனுப்பு", "காஜா பெராங் என்ன சொல்லுது?" என்றுதான் எங்கள் பேச்சு. அவர் வீடு அங்கே இருந்தது. ஒரு மனுஷிக்கு ஊர்ப் பெயரைச் சூட்டிவிட்டோம் என்று அப்போது தோன்றவே இல்லை. இப்போது தோன்றுகிறது. ஆனாலும் இதில் அவர் பெயரை எழுதப் போவதில்லை. அன்றைக்குக் கூப்பிடாத பெயரை இன்றைக்கு ஊர் அறியச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவருடைய அம்மா செட்டி வம்சம். மலாக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிய தமிழர்கள். கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது சாரோங் கெபாயா, வீட்டில் பேசுவது மலாய். அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த தமிழர். அவர் இறந்தபோது விட்டுப் போனவை இரண்டு: மகளுக்குக் கற்றுக் கொடுத்த தமிழும் இங்கிலீஷும், தோட்டத்து ஆபீஸ் கழித்துக் கட்டிய ஒரு டைப்ரைட்டரும். அந்த எந்திரத்தில் ஒரு எழுத்து மட்டும் வரிக்கு மேலே துள்ளி விழும். அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது. அடுப்பு ஒரு பக்கம், கிணறு ஒரு பக்கம் இருக்கும் வீட்டில் அந்தம்மாவைத் தனியே விட்டுவிட்டு எந்தக் கடைக்கு அவர் வேலைக்குப் போவார்? ஆகவே வேலையை வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார்.

எனக்குத் தங்கச் சாலைக்குப் பக்கத்தில், அதாவது பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே வரிசையில் நிற்கும் ஜாலான் துக்காங் எமாஸுக்கு அடுத்த சந்தில், எனாமல் பாத்திரக் கடை. மாமாவிடமிருந்து கைக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. சரக்கெல்லாம் சிங்கப்பூரிலிருந்து வரும். கூடவே இங்கிலீஷ் கடிதமும் வரும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாத்திரத்தின் அடியில் அச்சடித்திருக்கும் அளவுதான். மாமா காலத்துக் கிராணி ஒருவர் கடையில் இருந்தார். ஆடிக்கு ஒரு கடிதம், ஆவணிக்கு ஒரு கடிதம் எழுதுவார். மீதி நேரம் தூங்குவார். அவர் ஓய்ந்து ஊருக்குப் போனதும் அரிசிக் கடை முதலாளி சொன்னார்: "தம்பி, ஆள் வைக்காதே. காஜா பெராங்குக்குக் குடு. நாங்க நாலு கடை குடுக்கறோம். ஒரு கடிதத்துக்கு இவ்வளவுன்னு. சோறு போட வேணாம், கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ண வேணாம்."

கடிதங்களைச் சுமந்தவர் ரொட்டி பாய். பள்ளிவாசலுக்குப் பின்னால் குடியிருந்தவர். காலையில் காஜா பெராங் பக்கமும் மாலையில் உஜோங் பாசிர் பக்கமும் சைக்கிளில் ரொட்டி விற்கப் போவார். போகும்போது எங்கள் தமிழ்க் குறிப்புகளை வாங்கி ரொட்டி டின்னின் மேல்தட்டில் வைப்பார். மறுநாள் பதினோரு மணிக்குள் டைப் அடித்த கடிதங்கள் வந்துவிடும். சிங்கப்பூர்க் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் ஒரு முறை நேரில் வந்தபோது, "உங்க கடிதத்தைப் பிரிச்சாலே எனக்குப் பசிக்குது. கடைக்குள்ள பேக்கரி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அவர் எழுதும் விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்களுக்காக எழுதும்போது அவர் நாங்களாகவே ஆகிவிடுவார். அரிசிக் கடை முதலாளிக்கு எழுதினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. துணிக் கடைக்காரருக்கு எழுதினால் தேன் ஒழுகும். எனக்காக எழுதிய முதல் கடிதம், மூளி விழுந்து வந்த பேசின்களைப் பற்றியது. இங்கிலீஷ் படித்த பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். எனக்கே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பாவமாக இருந்தது. எனக்கு ரோஷம். குறிப்பு எழுதி அனுப்பினேன்: "அரிசிக் கடைக்கு மட்டும் புலி மாதிரி எழுதுகிறீர்கள். எனக்கு ஏன் இந்த அழுமூஞ்சிக் கடிதம்?"

பாய் மறுநாள் வாய்ப்பதிலாகக் கொண்டுவந்தார். "தவுக்கேகிட்ட சொல்லுங்க, அவர் கோபப்பட்டா யாரும் நம்ப மாட்டாங்க, அழுதா நம்புவாங்கன்னு சொல்லுச்சு தம்பி." தவுக்கே என்றால் முதலாளி. பன்னிரண்டு பேசின்களையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

அவரைப் பற்றி நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது இரண்டாவது தாள்தான். கொஞ்சம் சிக்கலான கடிதம் என்றால் அதோடு இன்னொரு தாளும் வரும். அந்தத் தாளில், எதிர்த் தரப்பிலிருந்து என்ன பதில் வரும் என்பதை அவரே டைப் அடித்து வைத்திருப்பார். மேலே பென்சிலால், "இப்படித்தான் எழுதுவார்கள். சம்மதம் என்றால் அனுப்புங்கள்." பத்து நாள் கழித்து உண்மையான பதில் வரும். ஏறக்குறைய அதே வார்த்தைகள். சோதிடம் பார்ப்பவர் தோற்றார்.

ஒரு முறை அரிசிக் கடையின் மூட்டைகள் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையை அடைத்துக்கொண்டு துணிக் கடை வாசலை மறைத்தன. இரண்டு பெரியவர்களுக்கும் பேச்சு நின்றது. துணிக் கடைக்காரர் காஜா பெராங்கிடம் சொல்லிக் கடிதம் எழுதினார். அரிசிக் கடைக்காரரும் காஜா பெராங்கிடம் சொல்லிப் பதில் எழுதினார். இருவருக்கும் இரண்டாவது தாளும் போயிருந்தது. ஒரு நாள் இருவரும் ஒரே நேரத்தில் என் கடைக்கு வந்து, ஆளுக்கொரு தாளை நீட்டி நியாயம் கேட்டார்கள். இவர் கையில் இருந்த ஊகப் பதிலும், அவர் அனுப்பிய உண்மைக் கடிதமும் முற்றுப்புள்ளி வரை ஒன்று. அந்தத் துள்ளும் எழுத்துகூட ஒரே இடத்தில் துள்ளியிருந்தது. முதலில் இருவருக்கும் மூஞ்சி சிவந்தது. பிறகு அரிசிக் கடைக்காரர் சிரிக்கத் தொடங்கினார். அன்று மாலையே மூட்டைகள் உள்ளே போயின. எனக்கு எதிராக அவனுக்கு எழுதிக் கொடுத்தாயா என்று அவர் கேட்டனுப்பியதற்கு வந்த பதில்: "அவங்க கடிதத்துல அவங்க நியாயம், உங்க கடிதத்துல உங்க நியாயம். ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு?"

ஒரு கடையின் விஷயத்தை இன்னொரு கடைக்குச் சொல்ல மாட்டார். தன் விஷயத்தை யாருக்குமே சொல்ல மாட்டார். வருஷக்கணக்கில் நூற்றுக்கணக்கான கடிதங்களில் "நான்", "நான்" என்று எழுதியவர். அதில் ஒரு "நான்"கூட அவர் இல்லை.

இல்லை, ஒரே ஒரு தடவை தன் இஷ்டப்படி செய்தார். சுதந்திரம் வந்த வாரம். அரசாங்க ஆபீஸுக்கு எழுதும் கடிதங்களின் அடியில், "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்" என்று முடிப்பது அந்தக் கால வழக்கம். அந்த வாரம் ஐந்து கடைகளின் கடிதங்களிலும் அந்த வரி காணாமல் போயிற்று. வெறும் "இப்படிக்கு". அரிசிக் கடைக்காரர் பதறிப்போய் என்னிடம் வந்தார். "லைசென்ஸ் போயிடும்பா. என்ன இது திமிரு?" கேட்டனுப்பினோம். பாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: "யாருக்குக் கீழ்ப்படியணும்னு புது ஆளுங்க இன்னும் சொல்லலையாம். சொன்னா போடுமாம்." லைசென்ஸ் போகவில்லை.

ஆனால் அரிசிக் கடைக்காரருக்கு வேறொரு காரியத்தில் அடி விழுந்தது. ஆற்றங்கரையில் இன்னொரு கிடங்குக்கு அனுமதி கேட்டு எழுதச் சொன்னார். கடிதம் வந்தது, இரண்டாவது தாள் வரவில்லை. அனுமதியும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் சந்தில் அது ஒரு சகுனம் ஆகிவிட்டது. இரண்டாவது தாள் இல்லையென்றால் காரியம் இல்லை. வியாபாரிகளுக்குச் சகுனம் கிடைத்தால் விடுவார்களா? பல்லி சொல்லை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான்.

இதற்குள் நான் அவரைச் சரியாகப் பார்த்தது இரண்டே முறை. முதல் முறை, வேலை ஒப்படைக்கப் போனபோது வேலிக்கு வெளியே நின்று இரண்டு வார்த்தை பேசியது. இரண்டாவது, காஜா பெராங் மாரியம்மன் திருவிழாவில். கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண், பார்வையில்லாத ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேர் திரும்புகிறது, பூசாரியின் துண்டு நழுவுகிறது, சின்னப் பெண் ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். எனக்குக் கண் இருந்தும் அதில் பாதியை நான் பார்க்கவில்லை. குரலால்தான் அடையாளம் கண்டேன். தேரை விட்டுவிட்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில், "பின்னால ஒரு ஆள் நிக்கிறார். சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கார். சாமி பார்க்க வந்த மாதிரித் தெரியல" என்றார் அம்மாவிடம். குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. ஆசை என்று எழுத இந்த வயதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆசைதான். காலையில் பாயின் மணிச் சத்தம் கேட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். எழுத வேண்டிய அவசியமே இல்லாத கடிதங்களையெல்லாம் எழுதச் சொன்னேன். சிங்கப்பூர்க் கம்பெனியின் நலம் விசாரித்தேன். மழை அங்கே எப்படி என்று கேட்டேன். ஒருநாள் டைப் அடித்த கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால், "தவுக்கே, இது அவர்களுக்கு எதற்கு?" என்று இருந்தது. அந்தத் தாளை நான் அனுப்பவில்லை.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். கடையிலிருந்து காஜா பெராங் சைக்கிளில் பத்து நிமிஷம். ஆனால் நாலு வருஷமாக என் வாய் அவரிடத்தில்தான் இருந்தது. யாரிடம் எதைக் கேட்பதென்றாலும் அவர் எழுதித் தந்துதான் எனக்குப் பழக்கம். ஆகவே உலகத்தில் எந்த முட்டாளும் செய்யாத காரியத்தை நான் செய்தேன். குறிப்பு எழுதினேன்: "பெண் கேட்டு ஒரு கடிதம் வேண்டும். பெண்ணுக்கே நேராக எழுத வேண்டும். இங்கிலீஷ் வேண்டாம், மலாயில் இருக்கட்டும். முகவரியை நான் பிறகு எழுதிக்கொள்கிறேன்." மலாய் பேசும் பெண்ணை ஒரு தமிழ்ப் பாத்திரக் கடைக்காரன் கேட்கிறான் என்றால் மலாக்காவில் யாரைக் கேட்பான்? அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். புரிந்து, வழக்கம்போலப் பதிலையும் அவரே எழுதி இரண்டாவது தாளில் வைத்துவிடுவார். எனக்கு வேலை மிச்சம்.

மறுநாள் வரவில்லை. அவர் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு கடிதம் மூன்று நாள் தாமதமாக வந்தது. உறையைப் பிரித்தேன். ஒரே தாள். பாயை நிறுத்தி, "இன்னொரு தாள் இருக்கணுமே பாய்?" என்றேன். அவர் டின்னைத் திறந்து ரொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "ஒண்ணுதான் குடுத்துச்சு தம்பி. கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுட்டுக் குடுத்துச்சு" என்றார்.

அந்தக் கடிதம் எப்படி இருந்தது தெரியுமா? என் மனதில் இருந்து, எனக்கே தெரியாமல் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. "எனக்குப் பேசத் தெரியாது. ஆனால் நீங்கள் பேசுவதை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க முடியும்" என்று ஒரு வரி. மலாயில் அது இன்னும் எளிமையாக இருந்தது. இப்படி எழுதத் தெரிந்தவர், பதிலை மட்டும் எழுதவில்லை. கிடங்கு அனுமதி என் கண்முன் வந்து நின்றது. முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் இப்படித் தெரிவித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். முகவரி எழுதவில்லை. அரிசிக் கடைக்காரரைப் போலவே நானும் சகுனத்துக்குத் தலை வணங்கினேன். அதற்குப் பிறகு தொழில் கடிதங்கள் மட்டுமே அனுப்பினேன். அவரும் தொழில் கடிதங்களையே திருப்பி அனுப்பினார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஊரிலிருந்து அம்மா கடிதம் போட்டாள். பெண் பார்த்தாயிற்று, வந்து சேர். சரி என்று எழுதினேன். அந்தக் கடிதத்தைத் தமிழில் நானே எழுதினேன். என் மனைவி நல்லவள். நாற்பத்தாறு வருஷம் என்னைச் சகித்துக்கொண்டவள். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காஜா பெராங் வீட்டில் அம்மா காலமான பிறகு அவர் சிரம்பானில் வேலையாக இருந்த தம்பியிடம் போய்விட்டார் என்று பாய் சொன்னார். பிறகு பாயும் இறந்துபோனார். கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனால் அது பின்னால். நான் சொல்ல வந்தது கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன நாளை.

அதை மட்டும் பாயிடம் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. பகல் மூன்று மணி வாக்கில் நானே சைக்கிளில் போனேன். முதல் முறையாக அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். ஜன்னல் ஓரம் மேசை. ஐந்து கடைகளுக்கு ஐந்து பிஸ்கட் டின்கள். என் கடையின் டின் மற்றவற்றைவிட அவர் கைக்குக் கிட்டத்தில் இருந்தது. சாரோங்கின் முனையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். பத்திரிகையை நீட்டினேன். வாங்கிப் படித்தார். அப்பா கற்றுத் தந்த தமிழ். விரல் வைத்து, வரி வரியாக. பெண்ணின் ஊர்ப் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது.

"அந்தக் கடிதம் இந்தப் பொண்ணுக்கா தவுக்கே? மலாய் தெரியுமா அவங்களுக்கு?"

"இல்ல. அதை நான் அனுப்பவே இல்ல."

"ஏன்? நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சு. நீங்க ரெண்டாவது தாள் வைக்கலையே. அரிசிக் கடைக்கு வைக்காதப்ப என்ன ஆச்சுன்னு தெரியும்ல. அதனால விட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்தது அதுவே முதலும் கடைசியும். கோபம் இல்லை. ஒரு குழந்தை தப்பான வழியில் ரொம்ப தூரம் நடந்து போய்விட்டதைப் பார்ப்பது போல இருந்தது.

"அரிசிக் கடைக்கு வைக்காதது, பதில் எனக்குத் தெரியாததால. உங்களுக்கு வைக்காதது, அது என் பதில்ங்கறதால." குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது. "கேள்வியும் நானே அடிச்சு, பதிலும் நானே அடிச்சு, ரொட்டி டின்னுல போட்டு அனுப்பவா? ஒண்ணையாவது நீங்க செய்யணும்லா. முகவரி ஒண்ணுதானே பாக்கி இருந்துச்சு."

உள்ளறையிலிருந்து அந்தம்மாள் மலாயில், யார் வந்திருப்பது என்று கேட்டார். "கடை, மாக்" என்றார் இவர் தன் அம்மாவிடம்.

நான் நாற்காலியில் இருந்தேன். பதில் என்னவாக இருந்திருக்கும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு அதை எப்படிக் கேட்பது? கேட்கவும் தேவையில்லை. நன்றாகத் தெரிந்துவிட்டது. அந்த அறையை விட்டு எழுந்து போக எனக்கு மனம் இல்லை. இருக்கவும் வழி இல்லை.

அவர்தான் எழுந்தார். பத்திரிகையை மடித்து என் கடையின் டின்னில் வைத்தார். எந்திரத்தின் மேலே இருந்த துணியை எடுத்தார்.

"சிங்கப்பூர்க் கம்பெனிங்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பணுமே. எத்தனை இருக்கும்? பன்னெண்டா? நான் அடிச்சு அனுப்பிடறேன். நீங்க போய் மத்த வேலையைப் பாருங்க."

வேண்டாம், இதை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு மரியாதையாவது நான் செய்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டதும் என் வாயிலிருந்து பழக்கமாக வந்த வார்த்தை, "சரி."

மறுநாள் பதினோரு மணிக்குப் பன்னிரண்டு கடிதங்களும் வந்தன. ஏஜெண்டு ஒருவர் அதைப் படித்துவிட்டு, நெகிழ்ந்துபோய் டெலிபோனிலேயே கூப்பிட்டு வாழ்த்தினார். என் கல்யாணத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை அவரைவிட நன்றாக யாராலும் எழுதியிருக்க முடியாது.